சீசன் முடிந்த மைக், மிக்சர், கீபோர்டு: எதை எதால் துடைக்கலாம்?

மேடைவயர்:

வணக்கம். எங்களுடையது 9 பேர் இருக்கிற மெல்லிசைக் குழு. பங்குனியில இருந்து வைகாசி வரைக்கும் கோயில் திருவிழா மேடைதான். ஆனியில கொஞ்சம் இடைவெளி. ஆடி பிறந்தா மறுபடி அம்மன் கோயில் கச்சேரிகள். அதுக்குள்ள சாமான் எல்லாத்தையும் ஒழுங்காச் சுத்தம் பண்ணி வைக்கணும். இப்ப இருக்கிற நிலைமை இது:

ஷூர் எஸ்எம்58 மைக் 8. கூண்டுக்குள்ள எச்சில், லிப்ஸ்டிக், வெத்தலைக் கறை. மூணு மைக் நாறுது. குரல் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு, ட்ரெபிளை ஏத்தினா ஃபீட்பேக் எடுக்குது.

24 சேனல் அனலாக் மிக்சர். விபூதி, கற்பூரக் கரி, புகை மெஷின் போட்ட பிசுபிசுப்பு எல்லாம் மேல படிஞ்சிருக்கு. 6 ஃபேடர் (சத்தத்தை ஏத்தி இறக்க மேல கீழ நகர்த்துற குமிழ்) கரகரங்குது. 11ஆம் சேனல் திடீர்னு செத்துப் போகும், கெயினை ஏத்தி இறக்கினா திரும்ப வரும்.

61 கட்டை கீபோர்டு. நடுவுல 4 கட்டை மெதுவாத் தொட்டாலும் முழுச் சத்தத்துல வருது. ஒரு கட்டை சில நேரம் பேசறதே இல்ல.

கேனன் (மூணு பின் எக்ஸ்எல்ஆர்) வயர், பி-38 (கால் அங்குல ஜாக்) வயர் சேர்த்து 40. டேப் கோந்தும் சேறும். ரிதம் பேட் ஒண்ணு, டிரம்ஸ் சிம்பல் 4, பச்சை பூத்திருக்கு.

கைவசம் பெட்ரோல், தின்னர், ஹேண்ட் சானிட்டைசர், டபிள்யூடி-40, ஹேர் டிரையர், ஏர் கம்ப்ரசர் இருக்கு. இதுல எது ஆகும், எது ஆகாது? புதுசா என்ன வாங்கணும்? ரெண்டு நாள் ஒதுக்க முடியும்.

சால்டரிங்மேசை:

பெட்ரோலையும் தின்னரையும் முதல்ல அந்த இடத்தை விட்டே எடுத்துடுங்க. கம்ப்ரசரும் வேண்டாம். பழுது மேசைக்கு வர்ற சாமான்ல அழுக்கு கெடுத்ததை விடப் பொருந்தாத திரவம் கெடுத்ததுதான் அதிகம். அதனால துணியை எடுக்கிறதுக்கு முன்னாடி, படிஞ்சிருக்கிறது என்ன அழுக்குன்னு பாருங்க.

வியர்வை உப்பு, டீ, சோடா, ஜூஸ் சர்க்கரை இதெல்லாம் தண்ணியில கரையும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல கரையாது. எவ்வளவு ஆல்கஹால் ஊத்தினாலும் உப்பு இருந்த இடத்துலயே இருக்கும். புகை மெஷின் திரவம் கிளைக்கால் கலந்தது, சோப்புத் தண்ணி ஈரத்துக்கே வந்துடும். கை எண்ணெய், மேக்கப், லிப்ஸ்டிக்குக்கு முதல்ல சோப்புத் தண்ணி, மிச்சம் இருந்தா ஆல்கஹால். பின்னுல கறுப்பு படிஞ்சா அது ஆக்சைடு, அதுக்குக் கான்டாக்ட் கிளீனர். விபூதி, கரி, தூசிக்கு எந்தத் திரவமும் கிடையாது. உலர்ந்த பிரஷ், வேக்குவம் கிளீனர், அவ்வளவுதான். விபூதியை ஈரத்துணியால தொட்டீங்கன்னா குழைஞ்சு ஃபேடர் சந்துக்குள்ள இறங்கும், அப்புறம் எடுக்கவே முடியாது.

வாங்க வேண்டியது: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம் ஒரு லிட்டர், டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் (பேட்டரிக் கடையில கிடைக்கும்), பாத்திரம் கழுவுற சாதாரண லிக்விட், மைக்ரோஃபைபர் துணி 10, ஒரு அங்குல பெயின்ட் பிரஷ் 2, மெத்துன்னு இருக்கிற டூத் பிரஷ் 4, பல்லிடுக்கு பிரஷ் ஒரு பாக்கெட், நூல் உதிராத ஸ்வாப். மிக்சருக்குன்னு ரெண்டு ஸ்பிரே: ஆக்சைடு எடுக்கிற கான்டாக்ட் கிளீனர் ஒண்ணு, ஃபேடருக்குன்னே வர்ற மசகு கலந்த ஸ்பிரே ஒண்ணு. டிஆக்சிட்ங்கிற பிராண்டுல டி5, எஃப்5னு ரெண்டு வகை வருது, முதலாவது பின்னுக்கும் ஜாக்குக்கும், ரெண்டாவது ஃபேடருக்கு. சென்னைன்னா ரிச்சி தெருவுல விசாரிங்க.

சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஆல்கஹாலுக்குப் பதிலா வாங்காதீங்க. சில தயாரிப்புல ஆமணக்கு எண்ணெய் மாதிரி பொருள் கலந்திருக்கும், காஞ்ச பிறகு படலமா நிக்கும். சானிட்டைசர்லயும் அதே பிரச்சினை: கிளிசரினும் ஜெல்லும் இருக்கு, கூண்டுக் கம்பியில ஒட்டிக்கிட்டு அடுத்த தூசியைப் பிடிச்சு வைக்கும்.

தீ விஷயத்துல கவனம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோட ஆவி 12 டிகிரி செல்சியஸ்லயே பத்திக்கும், நம்ம ஊர்ல வருஷம் முழுக்க அதுக்கு மேலதான். சன்னல் திறந்த அறையில வேலை பாருங்க. விளக்கு, ஊதுபத்தி, சூடான சால்டரிங் அயர்ன் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. வேன் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே ஸ்பிரே அடிக்கிற பழக்கம் சில குழுவுல இருக்கு, தயவுசெஞ்சு அதை விட்டுடுங்க.

இப்ப மைக். எஸ்எம்58ல கூண்டை இடப்பக்கமாத் திருகினா கழண்டு வரும். உள்ளே கறுப்பு ஃபோம் ஒட்டியிருக்கும். நாத்தமும் அடைப்பும் அங்கதான். ஃபோம்ல எச்சிலும் மேக்கப்பும் ஏறினா உயர் ஸ்வரம் மங்கும், ச, ஷ, ஸ எழுத்தெல்லாம் மழுங்கும். நீங்க ட்ரெபிளை ஏத்துறீங்க, ஃபீட்பேக் எடுக்குது. இன்னொரு காரணமும் இருக்கு. அந்த மைக் முன்பக்கச் சத்தத்தை மட்டும் எடுக்கிறதுக்குக் காரணம், கார்ட்ரிட்ஜோட (கூண்டுக்குள்ள சத்தத்தை எடுக்கிற பாகம்) பின்பக்கத் துளை வழியாவும் சத்தம் உள்ளே போறதுதான். கூண்டோட கீழ்ப்பகுதி அடைச்சா அந்த வழி குறையும், மைக் நாலா பக்கமும் எடுக்க ஆரம்பிக்கும், மானிட்டர் சத்தமும் சேர்ந்து ஏறும். பாடகர் கூண்டைக் கையால பொத்திப் பிடிச்சா ஊளையிடுறதும் இதே காரணத்தாலதான்.

வேலை இப்படி. மேசையைத் துடைச்சு வெள்ளைத் துணி விரிங்க. இது முக்கியம்: கார்ட்ரிட்ஜுக்குள்ள காந்தம் இருக்கு, மேசையில இருக்கிற இரும்புத் தூளை இழுத்துக்கும், அப்புறம் அது டயஃபிரத்துல (சத்தத்துக்கு அதிர்ற படலம்) உரசிக்கிட்டே இருக்கும். ஸ்டீல் உல் பயன்படுத்தின மேசையில மைக்கைத் திறக்கவே கூடாது. கூண்டைக் கழட்டினதும் கார்ட்ரிட்ஜைத் திருகவோ இழுக்கவோ செய்யாதீங்க, கீழே ரெண்டு மெல்லிய வயர் இருக்கு. வெதுவெதுப்பான தண்ணி ஒரு லிட்டருக்கு நாலஞ்சு சொட்டு லிக்விட் விட்டுக் கூண்டை மட்டும் 15 நிமிஷம் ஊற வைங்க. டூத் பிரஷ்ஷால வெளிப்பக்கம் தேய்ங்க, ஃபோமை விரலால அமுக்கி அமுக்கி விடுங்க. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுங்க, குறைஞ்சது மூணு தண்ணி ஆகும். கொதிநீர் வேண்டாம், ஃபோமைப் பிடிச்சிருக்கிற பசை விட்டுடும். உதறி, துணியில கவுத்து, ஃபேன் காத்துல ராத்திரி முழுக்க விடுங்க. வெயில்ல போட்டா ஃபோம் சீக்கிரம் உதிரும். ஹேர் டிரையர் சூட்டுக்கும் அதே கதிதான்.

கார்ட்ரிட்ஜ் பக்கம் ஒரு சொட்டு ஈரம் போகக் கூடாது. மைக்கைத் தலைகீழாப் பிடிச்சு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால மேலோட்டமாத் தட்டுங்க, தூசி தானாக் கீழே விழும். வாயால ஊதாதீங்க, எச்சில் போகும். டயஃபிரம் மெல்லிய பிளாஸ்டிக் படலம். கம்ப்ரசர் காத்து பட்டா கிழியும், டேங்குல நிக்கிற தண்ணியும் எண்ணெயும் கூடவே வரும். கைப்பிடியை 70 சதவீத ஆல்கஹால்ல நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைங்க. அதைத் தனியா வாங்க வேண்டாம்: 99 சதவீதத்துல 7 பங்கு, டிஸ்டில்டு வாட்டர் 3 பங்கு கலந்தாப் போதும். கிருமிக்கு 99ஐ விட 70தான் நல்லது, அதுல இருக்கிற தண்ணி ஆவியாகிற வேகத்தைக் குறைக்கும், திரவம் தங்கி வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

ஒலிப்பதிவு_மணல்மேடு:

ரெண்டு பாடகருக்கு நடுவுல கூண்டைக் கழட்ட நேரம் இருக்காதே. ஸ்பிரிட்டை ஸ்பிரே பாட்டில்ல ஊத்தி மைக் மேல ரெண்டு தடவை அடிச்சா போதாதா? உடனே காஞ்சிடுது.

சால்டரிங்மேசை:

போதாது நண்பரே. கூண்டு மாட்டியிருக்கும்போது அடிச்சா ஃபோம் நிறைஞ்சு, கரைஞ்ச அழுக்கோட சேர்ந்து கார்ட்ரிட்ஜ் மேல சொட்டும். வெளியே காஞ்ச மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிக்கும். மைக் ஒண்ணுக்கு ரெண்டு கூண்டு வச்சுக்கிறதுதான் சரியான வழி. எஸ்எம்58க்கு மாத்துக் கூண்டு ஆர்கே143ஜின்னு தனியாக் கிடைக்குது. பாடகர் மாறும்போது கழட்டி வேற மாட்ட 10 விநாடி. கழட்டினது டப்பாவுக்குப் போகும், வீட்டுல கழுவிக்கலாம். அது முடியலைன்னா பாடகருக்கு ஒரு வெளி ஃபோம் உறை.

டிரம்ஸுக்கு மேல கண்டென்சர் மைக் வச்சிருந்தா அதைத் திறக்கவே வேண்டாம். கேப்சூல் மேல தூசியும் ஈரமும் சேர்ந்தா மின்சாரம் கசிஞ்சு பொரியற சத்தம் வரும். துடைச்சா படலமே போகும், அது சர்வீஸ் ஆள் வேலை. நீங்க செய்யக்கூடியது வெளி உடம்பைத் துடைச்சு, சிலிக்கா ஜெல் பையோட மூடி வைக்கிறது. மைக்ல இருந்து வயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி, மிக்சர்ல இருந்து அதுக்குப் போற 48 வோல்ட் பேன்டம் பவரை நிறுத்தி ஒரு நிமிஷம் விடுங்க.

ஃபேடர்தூசி:

மிக்சருக்கு நான் சொல்றேன். பிளக்கைச் சுவத்துல இருந்தே உருவிடுங்க, சுவிட்சை மட்டும் அணைச்சா போதாது. வேக்குவம் கிளீனர் முனையை ஒரு கையில ஓரமாப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பெயின்ட் பிரஷ்ஷை அந்த முனையை நோக்கித் தள்ளுங்க. தூசி எழும்பினதும் உறிஞ்சிக்கும், உள்ளே இறங்காது. நாப் இடுக்கு, ஃபேடர் பள்ளம், மீட்டர் ஓரம்னு 24 சேனலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படாதீங்க. விபூதியும் கரியும் முழுசா வந்த பிறகுதான் ஈரம். சோப்புத் தண்ணியில நனைச்சு நல்லா முறுக்கிப் பிழிஞ்ச துணி, ஒரு சேனலுக்கு ஒரு தடவை. அப்புறம் வெறும் தண்ணித் துணி. நாப் மேல எழுதின எழுத்து அச்சு மையாத்தான் இருக்கும், ஆல்கஹால் பட்டா அழிஞ்சிடும், ஒரு ஓரத்துல சோதிச்சுப் பாருங்க.

கரகரப்புக்கு உடனே ஸ்பிரே எடுக்காதீங்க. ஃபேடரை மேல இருந்து கீழ வரைக்கும் 30 தடவை முழுசா நகர்த்துங்க. நாப்பையும் அப்படித்தான். பாதி அதுலயே சரியாகும், ஏன்னா ஒரே இடத்துல மாசக் கணக்கா நின்னதால படிஞ்ச படலம்தான் அது. மிச்சம் இருக்கிறதுக்கு மட்டும் மசகு கலந்த ஃபேடர் ஸ்பிரே: பள்ளத்தோட ரெண்டு நுனியிலயும் குழாயை வச்சு அரை விநாடி. அதுக்கு மேல அடிச்சா சர்க்யூட் போர்டுக்கு ஒழுகும். 30 தடவை நகர்த்தி, அரை மணி நேரம் திறந்து வச்ச பிறகே கரண்ட். சுத்தம் பண்ற ஸ்பிரேயை மட்டும் அடிச்சு விட்டா உள்ளே இருக்கிற கிரீஸும் கழுவிப் போகும், ஃபேடர் விரலுக்கு வறட்டுன்னு ஆகும், தடமும் சீக்கிரம் தேயும். ஸ்வாப்பை உள்ளே விட்டுக் குடையாதீங்க. உள்ளே தடத்துல ஓடுற தகடு மயிரிழை மாதிரி, வளைஞ்சா ஃபேடரையே மாத்தணும்.

டபிள்யூடி-40 பத்திக் கேட்டீங்க. நீல மஞ்சள் டப்பா ஈரத்தை விரட்ட வந்தது, எண்ணெய் விட்டுட்டுப் போகும். அன்னைக்கு ஃபேடர் பட்டு மாதிரி ஓடும். அப்புறம் மேடைத் தூசி அந்த எண்ணெய்ல குழைஞ்சு, மொதல்ல இருந்ததை விட மோசமாகும். ஸ்டாண்டு திருகு, டிரம்ஸ் விங் நட்டுக்கு வச்சுக்கோங்க. அதே கம்பெனி கான்டாக்ட் கிளீனர்னு தனியா விக்குது, அது வேற சரக்கு.

உங்க 11ஆம் சேனல் ஃபேடரால இல்லைன்னு நினைக்கிறேன். கெயினை ஏத்தி இறக்கினா வருதுன்னா, பின்னால இருக்கிற இன்சர்ட் ஜாக்கை (அந்த சேனல்ல வெளிக் கருவியை இடையில சேர்க்கிற துளை) பாருங்க. அதுல ஒண்ணும் சொருகாதப்போ உள்ளே ரெண்டு தகடு ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு சிக்னலைக் கடத்தும். வருஷக்கணக்கா யாரும் பயன்படுத்தாத ஜாக்குல அந்தத் தகடு கறுத்துப் போகும். சின்ன சிக்னல் அந்தக் கறுப்பைத் தாண்டாது, கெயினை ஏத்தினா தாண்டும். ஒரு பி-38 பின்னுல கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு தொட்டு, இன்சர்ட்ல 15 தடவை சொருகி உருவுங்க. 24 சேனலுக்கும் இதைப் பண்ணிடுங்க, 10 நிமிஷ வேலை.

வெள்ளைக்கட்டை:

கீபோர்டு. மெதுவாத் தொட்டாலும் முழுச் சத்தம் வர்றதுக்குக் காரணம் புரிஞ்சா வேலை சுலபம். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில ரப்பர் குமிழ், அதுக்குள்ள கார்பன் பொட்டு ரெண்டு. அழுத்தும்போது ஒண்ணு முதல்ல போர்டைத் தொடும், மத்தது கொஞ்சம் கழிச்சுத் தொடும். இடைப்பட்ட நேரத்தை வச்சுத்தான் எவ்வளவு வேகமா அடிச்சீங்கன்னு கணக்குப் போடுது. முதல் பொட்டுல அழுக்கு இருந்தா அது தாமதமாப் பேசும், இடைவெளி சுருங்கும், கீபோர்டு ஓங்கி அடிச்சதா எடுத்துக்கும். ரெண்டுல ஒண்ணு தொடவே இல்லைன்னா கட்டை ஊமை. அதனால மேல எவ்வளவு துடைச்சாலும் இது போகாது, திறக்கணும்.

திறக்கிறதுக்கு முன்னாடி உங்க ரிதம், டோன், செட்டிங் எல்லாத்தையும் யுஎஸ்பி டிரைவ்ல எடுத்துக்கோங்க. அடாப்டர், பேட்டரி ரெண்டையும் எடுத்துட்டு, கனமான துண்டு மேல கவுத்துப் போடுங்க. திருகு எல்லாம் ஒரே நீளம் இருக்காது. அட்டையில கீபோர்டு படம் வரைஞ்சு, எடுத்த இடத்துலயே குத்தி வைங்க. நீளத் திருகைக் குட்டை இடத்துல போட்டா மேல் மூடியைத் துளைச்சுக்கிட்டு வரும். பட்டை வயரை இழுக்காதீங்க, கனெக்டர் தாழ்ப்பாளை நிமிர்த்தினா தானா வரும். ஒவ்வொரு படியிலயும் ஒரு போட்டோ.

ரப்பர் பட்டையை எடுக்கும்போது எந்தப் பக்கம் எதுன்னு குறிச்சுக்கோங்க. போர்டுல இருக்கிற கறுப்புத் தடத்தை 99 சதவீத ஆல்கஹால் தொட்ட ஸ்வாப்பால ஒரே திசையில ரெண்டு தடவை, அவ்வளவுதான். பழுப்பா வந்தா புது ஸ்வாப். கார்பன் பொட்டை லேசா ஒத்தி எடுங்க. அழிரப்பர், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா கார்பன் போயிடும், அப்புறம் புதுப் பட்டைதான். சர்க்கரை ஒட்டியிருந்தா ரப்பர் பட்டையை மட்டும் சோப்புத் தண்ணியில அலசி, 24 மணி நேரம் காயவிடுங்க. விரல் படாம ஓரத்தைப் பிடிச்சுத் திரும்ப வைங்க. எண்ணெய் கலந்த கான்டாக்ட் ஸ்பிரே இந்த இடத்துல ஒரு துளி கூட வேண்டாம், பொட்டும் தடமும் வழுக்கி, எல்லாக் கட்டையும் கெடும்.

ரப்பரைச் சரியா அமுக்கலைன்னா குமிழ்ல காத்து போக வழி அடைச்சு கட்டை கெட்டியாத் தெரியும். மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா அழுத்திப் பாருங்க. பியானோ மாதிரி கனமான கட்டைன்னா சுத்தியல் மூட்டுல கிரீஸ் இருக்கும், அதைத் துடைச்சுடாதீங்க.

கட்டை மேல்பக்கம் துடைக்க, பிழிஞ்ச துணியை உங்க பக்கமா இழுங்க. குறுக்கே துடைச்சா அழுக்குத் தண்ணி கட்டைக்கு நடுவுல இறங்கும். எல்சிடி திரைக்கு டிஸ்டில்டு வாட்டர் தொட்ட மைக்ரோஃபைபர் மட்டும். கண்ணாடி துடைக்கிற அம்மோனியா ஸ்பிரேயோ ஆல்கஹாலோ பட்டா திரை பூத்துப் போகும், சில பிளாஸ்டிக்கு விரிசலே விடும்.

மேடைவயர்:

ரொம்ப நன்றி. ஆரம்பிச்சாச்சு. 11ஆம் சேனல் இன்சர்ட் ஜாக்குல சொருகி எடுத்ததும் சரியாயிடுச்சு. ரெண்டு கேள்வி. ஒண்ணு, ரெண்டு மைக்ல ஃபோம் கையில தொட்டதும் மாவா உதிருது, அதை அப்படியே விடலாமா? ரெண்டு, 6 ஃபேடர்ல 5 சரியாச்சு, ஒண்ணு எவ்வளவு சுத்தம் பண்ணாலும் நகர்த்தும்போது மட்டும் கரகரங்குது. இன்னும் ஸ்பிரே அடிக்கவா?

சால்டரிங்மேசை:

உதிர்ற ஃபோம் ஒரு கச்சேரிக்குக் கூட வேண்டாம். துகள் நேரா டயஃபிரம் மேல விழும். மீதியைச் சுரண்டி எடுத்துட்டுக் கூண்டை அலசி, புது ஃபோம் போடுங்க, இல்லைன்னா கூண்டையே மாத்துங்க. ஃபோம் இல்லாம ஓட்டாதீங்க, ப, ஃப சொல்லும்போது காத்து குத்தும், எச்சில் நேரா உள்ளே போகும். தலையணைப் பஞ்சு ஸ்பாஞ்சை வெட்டி வைக்காதீங்க, அது அடர்த்தி கூட, சத்தத்தை அடைக்கும்.

ஃபேடர்தூசி:

ஸ்பிரேயை நிறுத்துங்க. நகர்த்தும்போது மட்டும், ஒரே ஒரு ஃபேடர்ல, சுத்தம் பண்ணியும் போகலைன்னா அது அழுக்கில்ல. ஒண்ணு கார்பன் தடம் தேய்ஞ்சிருக்கும். இல்லைன்னா அதுக்கு முன்னால இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் கசிஞ்சு, ஃபேடர் மேல டிசி வோல்டேஜ் நிக்கும். ஃபேடர்ல டிசி இருந்தா புத்தம் புது ஃபேடரும் கரகரன்னுதான் சொல்லும். மூடியைத் திறந்து, கரண்ட் ஓடும்போது ஃபேடரோட ரெண்டு முனைக்கு நடுவுல டிசி மில்லிவோல்ட் அளந்தா தெரிஞ்சிடும். உள்ளே 230 வோல்ட் பவர் சப்ளை திறந்து கிடக்கும், அதனால இதை டெக்னீஷியன் கிட்டக் கொடுங்க. 

தோல்கருவி:

சிம்பலுக்கு வருகிறேன். விலை கூடிய சிம்பல்கள் பி20 வெண்கலம்: நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். விலை குறைந்தவை பி8 அல்லது பித்தளை. புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு போலப் பளபளக்கும் என்பது உண்மை. ஆனால் புளியின் அமிலம் சிம்பலின் மேற்படலத்தை உரித்துவிடும், கடைசல் கோடுகளுக்குள் தங்கிய மிச்சம் சில நாளில் மறுபடி பச்சை பூக்கும். சபீனா போன்ற தூள் போட்டால் கோடுகள் தேயும், கம்பெனி முத்திரையும் போய்விடும். முத்திரை வெறும் மைதான். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திர லிக்விட், மென்மையான துணி. கோடுகள் போகும் வட்டத் திசையிலேயே தேய்க்க வேண்டும். கழுவியதும் உடனே துடைத்து உலர்த்துங்கள், தண்ணீர் தானாகக் காய்ந்தால் புள்ளி நிற்கும். பச்சை அதிகம் படிவது நடுத்துளைக்குப் பக்கத்தில். அங்கே ஃபெல்ட்டையும் பிளாஸ்டிக் குழலையும் பாருங்கள். குழல் தேய்ந்திருந்தால் இரும்புக் கம்பியே துளையை அரித்துக்கொண்டிருக்கும், சாவித் துளை போல நீளும். பளபளப்பு வேண்டுமென்று லேத்தில் பஃபிங் கொடுக்காதீர்கள். சூட்டில் வெண்கலத்தின் பதம் போனால் நாதம் திரும்பாது.

ரிதம் பேடின் ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர்த் துணி போதும், வியர்வை உப்பு அதிலேயே வந்துவிடும். தின்னர் பட்டால் ரப்பர் உப்பும். டாஷ்போர்டு பாலிஷ் போட்டால் குச்சி வழுக்கும்.

குழுவில் தபலா, டோலக், மிருதங்கம் இருந்தால் மேலே சொன்ன எந்தத் திரவமும் அவற்றின் அருகில் வரக் கூடாது. மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத்தில்) இருக்கும் கறுப்புச் சாதம், கிட்டான் கல் பொடியைச் சோற்றோடு குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்தது. ஈரம் பட்டால் ஓரத்திலிருந்து பெயரும். கச்சேரி முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கைவியர்வையை ஒத்தி எடுங்கள். தொப்பியில் (இடப்பக்கத்தில்) ஒட்டிய ரவையை அன்றே சுரண்டி எடுத்துவிட வேண்டும், விட்டால் தோல் விறைக்கும், பூச்சியும் வரும்.

சுருள்வயர்:

40 வயர்னு சொன்னீங்க, அதுதான் அதிக நேரம் பிடிக்கும். சேறு காயட்டும், அப்புறம் தட்டி உதிர்த்து, பிழிஞ்ச சோப்புத் துணியால ஒரு முனையில இருந்து மறு முனைக்கு உருவுங்க. கனெக்டரை மேல தூக்கிப் பிடிச்சுக்கோங்க, தண்ணி அதுக்குள்ள இறங்கக் கூடாது. டேப் கோந்துக்குத் தேங்காய் எண்ணெய் இல்லை நீலகிரித் தைலம் தடவி 10 நிமிஷம் விட்டுத் துடைங்க, பிறகு சோப்பு. எண்ணெய்யை அப்படியே விட்டா மேடை மண் முழுக்க அதுல ஒட்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் கோந்தை நொடியில எடுக்கும், ஆனா பிவிசி உறையை மெத்துன்னு வச்சிருக்கிற சரக்கையும் சேர்த்து உறிஞ்சிடும். சில மாசத்துல வயர் குச்சி மாதிரி விறைச்சு, வளைக்கிற இடத்துல வெடிக்கும்.

கேனன் ஆண் பின்னுக்கு ஸ்வாப்புல கான்டாக்ட் கிளீனர். பெண் பக்கத்துக்குப் பல்லிடுக்கு பிரஷ். உப்புத்தாள் போட்டா மேல் முலாம் போய், அடுத்த மழைக்கே துருப்பிடிக்கும். பி-38 பின்னுக்குப் பித்தளை பாலிஷ் போடாதீங்க, அந்த வெள்ளை மாவு ஜாக்குக்குள்ள போய் நிக்கும். பின் பச்சையா அரிச்சுப் போயிருந்தா சுத்தம் பண்ணி நேரம் வீணாக்காம கனெக்டரை மாத்துங்க. ராமேஸ்வரம், நாகப்பட்டினம்னு கடலோர மேடைக்குப் போயிட்டு வந்தா இதை சீசன் முடிவு வரைக்கும் தள்ளாதீங்க, உப்புக் காத்து பட்ட கனெக்டரை அந்த வாரமே துடைங்க.

மேடைவயர்:

கடைசியா ஒண்ணு. மேடையில மிக்சர் மேல டீ கொட்டிட்டா அந்த நிமிஷம் என்ன செய்யணும்? ஆடி கச்சேரியில மிக்சருக்குப் பக்கத்துலதான் எல்லாரும் டம்ளரை வைக்கிறாங்க.

ஃபேடர்தூசி:

பவர் ஆம்பை முதல்ல அணைங்க, இல்லைன்னா பாக்ஸ் வெடிச்ச மாதிரி சத்தம் வரும். அடுத்த விநாடி மிக்சர் பிளக்கை உருவுங்க. டீ விழுந்த பக்கம் கீழ இருக்கிற மாதிரி சாய்ச்சு, துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. வேலை செய்யுதான்னு ஒரு தடவை போட்டுப் பார்க்கிற ஆசை வரும், அதுலதான் போர்டு எரியுது. அன்னைக்கு மீதிக் கச்சேரி வேற மிக்சர்லதான்.

அப்புறம் நாப் எல்லாம் கழட்டி, மூடியைத் திறந்து, நனைஞ்ச போர்டையும் ஃபேடரையும் வெளிய எடுக்கணும். பால், சர்க்கரை இருக்கிறதால முதல்ல டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய பிரஷ்ஷும். ஆல்கஹாலை முதல்ல ஊத்தினா பால் திரிஞ்சு கெட்டியாகும், சர்க்கரை கரையாது. தண்ணியில சுத்தமான பிறகு 99 சதவீத ஆல்கஹால்ல ஒரு அலசு, மிச்சத் தண்ணியை அது இழுத்துக்கிட்டுப் போகும். ஃபேன் காத்துல 48 மணி நேரம். அரிசி மூட்டைக்குள்ள புதைக்காதீங்க, தவிட்டு மாவு ஃபேடருக்குள்ள போகும். டீ நேரா இறங்கின ஃபேடரைக் கழுவறதை விட மாத்துறது நல்லது. பவர் சப்ளை நனைஞ்சிருந்தா அதை நீங்க தொடவே வேண்டாம், பிளக் உருவின பிறகும் அதுல இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்.

டம்ளருக்கு மிக்சர் கேஸை விட ஒரு அடி கீழ தனி ஸ்டூல் போட்டுடுங்க.